சீருடைப் பணியும் பெற்றோர் கடனும்: கிள்ளான் பள்ளத்தாக்கு இளையோரை முன்வைத்து

முன்னுரை

தமிழ்ப்பள்ளிக் கட்டுரை ஏடுகளில் ‘என் எதிர்கால ஆசை’ என்னும் தலைப்பு இன்றும் மறையவில்லை. அத்தலைப்பில் எழுதும் பத்து வயது மாணவர்களுள் தீயணைப்பு வீரராகவோ காவல் அதிகாரியாகவோ வர விரும்புவோரும் உண்டு என்பதை ஏடு திருத்தும் ஆசிரியர்கள் அறிவர். அம்மாணவர்களே ஐந்தாம் படிவத்தை எட்டும்போது அந்த விருப்பத்தைப் பெரும்பாலும் வெளியில் சொல்வதில்லை. சொன்னாலும் வீட்டில் எடுபடுவதில்லை. ‘படிப்பு ஏறாதவன் போகிற வேலை’ என்பது ஒரு மறுப்பு. ‘உயிருக்கு ஆபத்து’ என்பது மற்றொன்று. ‘போலீசில் நம்மவர்களுக்கு என்ன இருக்கிறது?’ என்பது மூன்றாவது.

இம்மறுப்புகள் மூன்றும் ஒரே தன்மையின அல்ல. முதலாவது வெறும் மதிப்பீட்டுக் குறை. இரண்டாவது உண்மையான அச்சம். மூன்றாவது ஒரு சமூகத்தின் வரலாற்று நினைவு. இவற்றைப் பிரித்தறியாமல் ‘பெற்றோர் பிள்ளைகளை ஊக்குவிக்க வேண்டும்’ என்று மேடையில் முழங்குவதால் பயனில்லை. பதின்ம வயதுப் பிள்ளைகளைத் தீயணைப்புப் பணிக்கோ காவல் பணிக்கோ பெற்றோர் ஊக்குவிக்கலாமா, ஊக்குவிப்பதாயின் அது எவ்வாறு அமைய வேண்டும் என்பதைக் கிள்ளான் பள்ளத்தாக்கின் நிகழ்வுகளைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இவ்விரு பணிகளையும் ‘சீருடைப் பணி’ என ஒரே பெயரில் அடக்கினாலும் இரண்டுக்கும் ஒரே விடை பொருந்தாது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

இவற்றுக்கு மக்கள் வழங்கிய பெயர்களே இவ்வேறுபாட்டைக் காட்டுகின்றன. தீயணைப்புப் படைக்கு மலாய்மொழியிலும் நம் பேச்சுவழக்கிலும் வழங்கும் ‘பொம்பா’ என்னும் சொல் போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்தது. நீரிறைக்கும் பம்பு என்பது அதன் பொருள். காவலரைக் குறித்த பழைய மலாய்ச் சொல் ‘மாத்தா-மாத்தா’. ‘மாத்தா’ என்றால் கண். ஒன்று கருவியால் பெயர் பெற்றது. மற்றொன்று கண்காணிப்பால் பெயர் பெற்றது. தண்ணீர் கொண்டு வருபவரிடம் யாருக்கும் பகையில்லை. கண்காணிப்பவரிடம் அப்படியிருக்க முடியாது.

அச்சத்தின் வரலாறு

மலாயாவில் தமிழரும் காவல் பணியும் விலகி நின்றதற்குத் தமிழரின் இயல்பு காரணமன்று. 1873இல் காப்டன் ஸ்பீடி, லாருட்டில் அமைதியை நிலைநாட்ட வட இந்தியாவிலிருந்து சீக்கியரையும் பத்தானியரையும் திரட்டி வந்தார். அந்த மரபு வளர்ந்து 1896இல் ‘மலாய் ஸ்டேட்ஸ் கைட்ஸ்’ என்னும் படையாக உருப்பெற்றது. சில இனங்களே போருக்கும் காவலுக்கும் உரியவை எனக் கருதிய பிரித்தானியர், சீக்கியருக்குத் துப்பாக்கியையும் தமிழருக்குப் பால்வாளியையும் ஒதுக்கினர். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த இரயில்வே ஊழியர் குடியிருப்புகள் இன்னொரு மரபுக்குச் சான்று. யாழ்ப்பாணத் தமிழர் அங்கு எழுத்தர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் வாழ்ந்தனர். ‘அரசாங்க வேலை’ என்ற தொடருக்கு மேசை, பேரேடு, பேனா என்னும் பொருள் அங்கேதான் வலுப்பெற்றது எனலாம். இன்றும் நடுத்தர வர்க்கத் தமிழ்ப் பெற்றோரின் உள்ளத்தில் அப்பொருளே நிற்கிறது.

தோட்டத்து மக்களின் நினைவு வேறு. 1941ஆம் ஆண்டு மார்ச் முதல் மே வரை கிள்ளான் வட்டார ரப்பர்த் தோட்டங்களில் நடைபெற்ற வேலைநிறுத்தங்கள் கூலி உயர்வுக்காக மட்டும் எழுந்தவை அல்ல. துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பதும் தொழிலாளர் கோரிக்கைகளுள் ஒன்று. தலைவர் ஆர்.எச். நாதன் மே மாதத்தில் கைது செய்யப்பட்டு, பின்னர் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். காவல்துறையோடு இராணுவமும் இறக்கப்பட்டது. தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர். அவ்வுயிர்ப்பலிக்குப் பின், தோட்டத்துக்குள் நுழையும் காவலர் துரையின் ஆள் என்ற எண்ணம் கிள்ளான் தமிழரிடையே வேரூன்றியதில் வியப்பில்லை.

சுதந்திர நாட்டிலும் அந்த எண்ணம் மாறுவதற்குப் போதிய வாய்ப்பு அமையவில்லை. 2009 சனவரியில் சுபாங் ஜெயா தைப்பான் காவல் நிலையத்தில், தடுப்புக் காவலில் இருந்த 22 வயது இளைஞர் ஆ. குகன் இறந்தார். அவரது உடலில் காணப்பட்ட காயங்கள் நாடெங்கும் அதிர்ச்சியை உண்டாக்கின. குடும்பத்தார் தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் 2013இல் காவல்துறையையும் அரசாங்கத்தையும் பொறுப்பாக்கி, 801,700 ரிங்கிட் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் அத்தொகை குறைக்கப்பட்டது. தடுப்புக் காவல் மரணங்கள் அதற்குப் பின்னும் நின்றுவிடவில்லை. இச்செய்திகளைத் தமிழ் நாளேடுகளில் வரிவிடாமல் படித்த ஒரு தந்தை, தம் மகன் காவல் சீருடை அணிய விரும்புவதாகச் சொல்லும்போது முகம் சுளித்தால் அதைக் கோழைத்தனம் என்று தள்ளிவிட இயலாது.

புறநானூறு பகுத்த ஐந்து கடன்கள்

ஒரு மகனை ஆபத்துள்ள பணிக்கு அனுப்புவதில் பெற்றோரின் பங்கு எவ்வளவு என்னும் கேள்வி நமக்குப் புதிதன்று. பொன்முடியார் பாடிய புறநானூற்று 312ஆம் பாடல் மூதின்முல்லைத் துறையைச் சார்ந்தது. பள்ளிகளில் அதைத் தாயின் வீரத்துக்கு எடுத்துக்காட்டாகக் கற்பித்து நிறுத்திவிடுகிறோம். பாடலை ஊன்றி நோக்கினால் அது வீரத்தைவிடப் பொறுப்புப் பகிர்வையே பேசுகிறது எனத் தோன்றும். தாய்க்கு ஒரு கடன், தந்தைக்கு ஒரு கடன், வேல் வடிக்கும் கொல்லனுக்கு ஒரு கடன், வேந்தனுக்கு ஒரு கடன், இறுதியாக மகனுக்கு ஒரு கடன் என ஐவர் அதில் இடம்பெறுகின்றனர். பெற்றவர்கள் இருவர் மட்டுமே; படைக்கலம் தருபவரும் ஆள்பவரும் அதே நிரலில் நிற்கின்றனர்.

வேந்தனின் கடனைக் கூறும் இடத்தில் ஒரு பாடவேறுபாடு உண்டு. ‘நன்னடை’ என்பது ஒரு பாடம். ‘தண்ணடை’ என்பது மற்றொரு பாடம். முன்னதன்படி வேந்தன் தருவது நல்லொழுக்கம். பின்னதன்படி அவன் தருவது மருதநிலத்து ஊர், அதாவது வாழ்வூதியம். எப்பாடம் மூலபாடம் என்னும் விவாதத்தைப் பதிப்பாய்வாளருக்கு விட்டுவிடுவோம். நம் பெற்றோர் காவல் பணியைப் பற்றி உரையாடும்போது தண்ணடையைப் பற்றியே பேசுகின்றனர்: சம்பளம் எவ்வளவு, ஓய்வூதியம் உண்டா, குடியிருப்பு கிடைக்குமா? நன்னடையைப் பற்றிய கேள்வி எழுப்பப்படுவதில்லை. அதுவே முதலில் எழுப்ப வேண்டிய கேள்வி என்பேன்.

தீயணைப்புப் பணி: கொல்லனின் கடன்

சிலாங்கூரில் தீயணைப்புப் படை 1883இல் எச்.எப். பெல்லமி என்பவரின் தலைமையில் 15 தொண்டர்களுடன் தொடங்கியது. 1976இல் மாநிலங்களின் தீயணைப்புப் படைகள் கூட்டரசின்கீழ் வந்தன. 1997இல் துறையின் பெயரில் ‘மீட்பு’ என்ற சொல் சேர்ந்தது. இது வெறும் பெயர் மாற்றமன்று. 1993 டிசம்பர் 11 அன்று உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் மாண்டனர். தீயே இல்லாத அவ்விபத்தில் இடிபாடுகளுக்குள் ஊர்ந்து செல்லும் திறனே தேவைப்பட்டது. இன்று இத்துறையினர் சாலை விபத்தில் நசுங்கிய வாகனத்தை வெட்டுகின்றனர். வீட்டுக்குள் புகுந்த பாம்பைப் பிடிக்கின்றனர். விரலில் சிக்கிய மோதிரத்தையும் அறுத்தெடுக்கின்றனர். 2024 ஆகஸ்டில் கோலாலம்பூர் ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் நடைபாதை திடீரெனப் பள்ளமாகி, இந்தியாவிலிருந்து வந்த பெண் சுற்றுப்பயணி ஒருவர் உள்ளே விழுந்தார். அவரைத் தேடித் தீயணைப்புத் துறையின் முக்குளிப்போர் கழிவுநீர்க் குழாய்க்குள் இறங்கினர். ஒன்பது நாள் தேடியும் அவர் கிடைக்கவில்லை. அவர்கள் செய்த வேலையைப் ‘படிப்பு ஏறாதவன் வேலை’ என்று சொல்லத் துணிபவர் அக்குழாயின் வாயில் ஒரு நிமிடம் நின்று பார்க்கட்டும்.

ஆபத்தை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. 2018 அக்டோபர் 3 அன்று பூச்சோங், தாமான் புத்ரா பெர்டானாவை அடுத்த ஈயக்குட்டையில் விழுந்த 17 வயது இளைஞரைத் தேடி நீர்மீட்புக் குழுவினர் இறங்கினர். போர்ட் கிள்ளான், ஷா ஆலாம் நிலையங்களைச் சேர்ந்த ஆறு வீரர்கள் ஒரே கயிற்றில் பிணைந்து சென்றபோது எதிர்பாராத நீர்ச்சுழலில் சிக்கி, ஆறு பேரும் மாண்டனர். தேடப்பட்டவரும் பதின்ம வயதினரே என்பது இந்நிகழ்வின் கொடிய பக்கம்.

அதே ஆண்டு நவம்பர் 27 அன்று சுபாங் ஜெயா சீபீல்டு ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயப் பகுதியில் கலவரத்தின்போது வாகனங்கள் எரிக்கப்பட்டன. தீயை அணைக்க வந்த குழுவில் இருந்த 24 வயது வீரர் முகமட் அடிப் படுகாயமுற்று டிசம்பர் 17 அன்று உயிரிழந்தார். பலரது குற்றச்செயலே அவரது மரணத்துக்குக் காரணம் என மரண விசாரணை நீதிமன்றம் 2019 செப்டம்பரில் முடிவு கூறியது. இந்நிகழ்வு இனப்பிரச்சினையாக ஊதப்பட்டது நாமறிந்ததே. நம் வழிபாட்டுத்தலம் ஒன்றின் அருகே நிகழ்ந்த இம்மரணத்தைப் பற்றி நம் வகுப்பறைகளில் பேசத் தயங்குகிறோம். ஒரு மலாய்த் தாயின் மகன் தீயை அணைக்க வந்தார், வீடு திரும்பவில்லை. தம் மகனை இப்பணிக்கு அனுப்பலாமா எனச் சிந்திக்கும் தமிழ்த் தாய்க்கு அந்தத் தாயின் நிலையே முதலில் விளங்கும்.

இவ்விரு நிகழ்வுகளும் ஒன்றை உணர்த்துகின்றன. பூச்சோங்கிலும் சுபாங் ஜெயாவிலும் வீரத்துக்குக் குறைவில்லை. எழுந்த கேள்விகள் எல்லாம் நீரோட்டத்தை முன்கூட்டி அளந்தறிதல், பாதுகாப்புக் கருவி, இறங்கலாமா கூடாதா என முடிவெடுக்கும் முறை, கலவரப் பகுதியில் குழுவுக்கான காவல் ஆகியவற்றைப் பற்றியவை. இவை கொல்லனின் கடன், அதாவது துறையின் கடன். ஆகவே தீயணைப்புப் பணியைப் பொறுத்தவரை பெற்றோர் ‘ஆபத்து உண்டா?’ என்று கேட்பதைவிட ‘ஆபத்தைக் குறைக்க எவ்வாறு பயிற்சி அளிக்கிறார்கள்?’ என்று கேட்பது பயன்தரும். சிலாங்கூரின் வடகோடியில் கோல குபு பாருவிலேயே இத்துறையின் பயிற்சிக்கழகம் இயங்குகிறது. பள்ளிகளில் தீயணைப்புக் கடெட் படையும் உண்டு. பதினைந்து வயதில் அச்சீருடை இயக்கத்தில் சேர்ந்து, பதினேழு வயதில் தனக்கு இது ஒத்துவராது என ஒரு மாணவர் விலகினால் அதுவும் நல்ல முடிவே. தீயணைப்புப் பணிக்குச் செல்ல விரும்பும் பிள்ளையைத் தடுக்கத் தக்க காரணம் எதையும் நான் காணவில்லை. ஊக்குவிக்கலாம்.

காவல் பணி: வேந்தனின் கடன்

காவல் பணியில் விடை இவ்வளவு எளிதன்று. 1957இல் மலாயா மக்கள்தொகையில் இந்தியர் ஏறக்குறைய 11 விழுக்காட்டினர்; 2020 கணக்கெடுப்பில் மலேசியக் குடிமக்களுள் 7 விழுக்காட்டுக்கும் குறைவு. மக்கள்தொகையில் சுருங்கிவரும் சமூகம் அரசின் வலிமைமிக்க ஒரு நிறுவனத்துக்கு வெளியிலேயே நின்றால் என்ன ஆகும்? 2013இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டபோது அவற்றின் உறுப்பினர்களுள் பெரும்பான்மையர் இந்தியர் எனக் கூறப்பட்டது. நம் இளைஞர்கள் காவல் நிலையத்தைச் சந்தேக நபராகவோ புகார்தாரராகவோ மட்டுமே அறிவது நலமன்று.

‘நம்மவர் உள்ளே போனால் எல்லாம் சரியாகிவிடும்’ என்ற வாதத்தையும் அப்படியே ஏற்க இயலாது. குகன் வழக்கில் காயம் விளைவித்த குற்றத்துக்காகச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்ட காவலரும் இந்தியரே. சீருடைக்குள் இருப்பவரின் இனம் மாறுவதால் மட்டும் அறைக்குள் நடப்பது மாறுவதில்லை.

இங்கு வட அயர்லாந்தின் பட்டறிவு கருதத்தக்கது. அங்குக் கத்தோலிக்கர் மக்கள்தொகையில் பெரும்பகுதியினராக இருந்தும் காவல்துறையில் 8 விழுக்காட்டளவே இருந்தனர். தம் பிள்ளை அத்துறையில் சேர்வதைத் துரோகமெனக் கருதிய குடும்பங்கள் பல. 1999இல் வெளிவந்த பேட்டன் ஆணைய அறிக்கையின்படி 2001இல் துறையின் பெயரும் சின்னமும் மாற்றப்பட்டன; கண்காணிப்பு அமைப்புகள் நிறுவப்பட்டன; புதிதாகச் சேர்ப்போருள் சரிபாதி கத்தோலிக்கராக இருக்கும் ஏற்பாடு பத்தாண்டுகள் நடப்பில் இருந்தது. கேலிக் விளையாட்டுச் சங்கம், காவலருக்குத் தன் கதவை அடைத்திருந்த விதியை 2001இல் நீக்கியது. 2011இல் கத்தோலிக்கர் பங்கு ஏறத்தாழ 30 விழுக்காட்டை எட்டியது. இக்கட்டுரையாளர் முனைவர்பட்ட ஆய்வுக்காகப் பிரித்தானியாவில் இருந்த காலத்தில்தான் அவ்வேற்பாடு முடிவுக்கு வந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் ஓமாவில் ரோனன் கெர் என்னும் 25 வயதுக் கத்தோலிக்கக் காவலர் வெடிகுண்டுக்குப் பலியானார். கத்தோலிக்க இளைஞர்கள் இதற்கு அஞ்சிக் காவல்துறையிலிருந்து பின்வாங்கக் கூடாது என அவருடைய தாயார் வெளிப்படையாக வேண்டினார். அச்செய்தியைத் தொலைக்காட்சியில் கண்டபோது மூதின்முல்லைத் துறை என் நினைவுக்கு வந்தது. வேந்தன் தன் கடனில் ஒரு பகுதியையேனும் ஆற்றிய பின்னரே அத்தாயால் அவ்வாறு பேச முடிந்தது என்பதையும் மறத்தலாகாது.

நம் நாட்டில் வேந்தன் கடன் எந்நிலையில் உள்ளது? முன்னாள் தலைமை நீதிபதி முகமட் சைடின் தலைமையிலான அரச விசாரணை ஆணையம் 2005இல் 125 பரிந்துரைகளை முன்வைத்தது. காவலரின் சம்பளம், குடியிருப்பு ஆகியவற்றை மேம்படுத்தல் ஒருபுறம். புகார்களையும் ஒழுங்கீனத்தையும் விசாரிக்கும் தன்னுரிமை ஆணையம் மறுபுறம். தண்ணடையும் நன்னடையும் ஒரே அறிக்கையில் இடம்பெற்றன என்று சொல்லலாம். தன்னுரிமை ஆணையம் பல்லாண்டு இழுபறிக்குப்பின் வேறொரு வடிவத்தில் 2022இல் சட்டமாகி 2023 சூலையில் நடப்புக்கு வந்தது. அதற்குத் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. பரிந்துரைக்க மட்டுமே இயலும் என்ற குறைகூறல் வலுவானது. என் மதிப்பீட்டில் இது பாதிக்கடன்.

அப்பாதிக்கடனை வைத்துக்கொண்டும் பெற்றோர் சம்மதிக்கலாமா? சம்மதிக்கலாம் என்றே கருதுகிறேன். ஆனால் தீயணைப்புப் பணிக்குத் தரும் சம்மதத்தைப் போன்றதாக அது இருத்தல் கூடாது. பினாங்கு மாநிலக் காவல்துறைத் தலைவர்களாக ஏ. தெய்வீகனும் அவருக்குப்பின் டி. நரேனசேகரனும் பணியாற்றியுள்ளனர். ஜொகூரில் அப்பொறுப்பை எம். குமார் வகித்தார். எனவே மேலே செல்ல வழியே இல்லை என்பது உண்மைக்குப் புறம்பு. பெற்றோர் பிள்ளையிடம் பேச வேண்டியது பதவியைப் பற்றியன்று. மேலதிகாரி தவறான கட்டளை இட்டால் என்ன செய்வாய், சக காவலர் தடுப்புக் கைதியை அடிக்கக் கண்டால் யாரிடம் சொல்வாய், கையூட்டு நீட்டப்படும்போது மறுப்பாயா என்னும் கேள்விகளைப் பதினேழு வயதிலேயே வீட்டில் பேசியாக வேண்டும். விடை தெரியாமல் பிள்ளை திணறினால் தவறில்லை. இக்கேள்விகளைச் சிந்தித்தேயிராமல் பயிற்சி மையத்துக்குள் நுழைவதே கவலைக்குரியது. சிங்கப்பூரில் தேசிய சேவையின்வழி பதினெட்டு வயதுத் தமிழ் இளைஞர் காவல்துறைக்கோ குடிமைத் தற்காப்புப் படைக்கோ அனுப்பப்படலாம். பெற்றோரை யாரும் கேட்பதில்லை. நமக்குத் தேர்வுரிமை இருக்கிறது. பேசுவதற்கான காலமும் இருக்கிறது.

திரைப்படத்தின் பங்கைச் சுருக்கமாகச் சுட்டலாம். ‘தங்கப்பதக்கம்’ (1974) தொடங்கி ‘சிங்கம்’ (2010) வரை தமிழ்த் திரை காட்டிய காவல் அதிகாரிகள் பலர் சட்டப் புத்தகத்தைவிடக் கையையே நம்புகின்றனர். ‘விசாரணை’ (2015) அதன் மறுபக்கத்தைக் காட்டியது. முந்தையவற்றைப் பார்த்துக் காவலராக விரும்பும் மாணவருக்குப் பிந்தையதையும் காட்டுவது நல்ல தமிழாசிரியர் செய்யத்தக்கது. தீயணைப்பு வீரரை நாயகனாகக் கொண்ட தமிழ்ப்படம் எளிதில் நினைவுக்கு வராதது தனி ஆய்வுக்குரிய செய்தி.

ஊக்குவித்தல் என்பது யாது?

நடைமுறைக்கு வருவோம். பொதுச்சேவையில் நுழைய எஸ்பிஎம் தேர்வில் மலாய்மொழியில் கிரெடிட் பெற வேண்டும். 2013 முதல் வரலாற்றுப் பாடத்தில் தேர்ச்சி இன்றேல் எஸ்பிஎம் சான்றிதழே இல்லை. உயரம், உடல் எடை, பார்வை, நிறக்குருடு இன்மை எனப் பிற தகுதிகளும் உண்டு. எனினும் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் பல இளைஞர்களின் கனவு தடுக்கி விழும் இடம் ஓட்டப்பந்தயத் திடலன்று, மலாய்மொழித் தாள். அத்தாளை மட்டும் மீண்டும் எழுத வாய்ப்பு உண்டு என்பதே சில குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. நான்காம் படிவத்தில் மலாய்மொழிக் கட்டுரைக்குத் துணை வகுப்பு ஏற்பாடு செய்யும் தாய், ‘நீ போலீசாக வேண்டும்’ என ஒருநாளும் சொல்லாவிட்டாலும் மகனை ஊக்குவித்தவரே. நிறக்குருடு உள்ளதா என்பதை முன்கூட்டியே கண் மருத்துவரிடம் அறிந்துகொள்வதும் அவ்வாறே; இறுதி நேர்காணலில் அதை அறிந்து உடைந்து போவதைத் தவிர்க்கலாம். ‘உள்ளே ஆள் இருக்கிறார்’ என்று பணம் கேட்கும் தரகர்களை வாசலோடு அனுப்பிவிட வேண்டும். விண்ணப்பம் இணையம்வழி நேரடியாகச் செய்யப்படுவது. பணம் கொடுத்துச் சேர முயன்ற பிள்ளைக்கு நன்னடை பற்றிப் பெற்றோர் பிறகு என்ன சொல்ல முடியும்?

பெண்பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலாயாக் காவல் படையில் மகளிர் 1955இல் சேர்க்கப்பட்டனர். மகளுக்கு இப்பணி வேண்டாம் எனும் பெற்றோர் பெரும்பாலும் இரவுப்பணியைக் காரணம் காட்டுவர். அதே பெற்றோர் மகள் தாதியாவதை ஏற்கின்றனர், தாதிக்கும் இரவுப்பணி உண்டு. புக்கிட் அமானில் பாலியல் குற்றங்களையும் சிறாருக்கு எதிரான குற்றங்களையும் விசாரிக்கும் டி11 பிரிவு இருக்கிறது. கிள்ளானின் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வன்முறைக்கு ஆளான ஏழு வயதுத் தமிழ்ச் சிறுமி, தனக்கு நேர்ந்ததை வீட்டில் பேசும் மொழியில்தான் சொல்லுவாள். ‘மாமா தொட்டார்’ என்பதில் ‘மாமா’ யார் என்பது நம் வழக்கில் தாய்மாமனாகலாம், அண்டை வீட்டுக்காரராகலாம், கடைக்காரராகலாம். மொழிபெயர்ப்பாளர் வழியாக வாக்குமூலம் பெறும்போது இவ்வேறுபாடு நழுவக்கூடும். நேரே கேட்டு, ‘எந்த மாமா?’ என்று மென்மையாக வினவத் தெரிந்த பெண் அதிகாரி அம்மேசையின் மறுபக்கத்தில் இருந்தால் வழக்கின் போக்கே வேறாகும். எஸ்பிஎம் தேர்வில் தமிழ்மொழிப் பாடத்தை எடுப்பதால் என்ன பயன் எனக் கேட்கும் மாணவியருக்குத் தமிழாசிரியர்கள் இந்த மேசையையும் காட்டலாம்.